எள்ளுக் கண் வைத்த பேய்கள்

யார் எதைக் கேட்டாலும் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, அதை எப்படிச் செய்வது என்று பிறகு வேறு யாரையாவது கேட்பது என் மாமாவின் வழக்கம். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் அவர் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அதனாலேயே அவருக்கு நல்ல பெயர். அங்கே குழந்தைகளுக்கு ஒரு பேய் விருந்து வைக்கப்போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. குழந்தைகள் எல்லாம் பேய் பிசாசு வேஷத்தில் வரும், சாப்பாடும் பார்த்தால் பயப்படும்படி இருக்க வேண்டும், யார் பொறுப்பு என்று கேட்டபோது மாமாவின் கை தானாக மேலே போய்விட்டது. போன பிறகுதான் தனக்குக் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாது என்பது அவருக்கு நினைவு வந்ததாம். உடனே அம்மாவுக்குப் போன் செய்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வலியசாலையில் கோயிலை ஒட்டிய தெருவில் இருந்தோம். அந்த வருஷம் கோடை விடுமுறையில்தான் அம்மாவழித் தாத்தா காலமானார். பாட்டி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டதால் கரமனை வீட்டில் தாத்தாவும் மாமாவும் மட்டும் இருந்தார்கள்; தாத்தா போன பிறகுதான் மாமா கழக்கூட்டத்துக்குக் குடிபோனார். மாமா தலையை மழித்துக்கொண்டு எல்லாக் காரியங்களையும் செய்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு என்பதால் நாலாம் நாள் அம்மா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, குளித்து, தோசைக்கு அரைத்தாள். அப்பா கிளறிய உப்புமாவை வேளைதோறும் தின்றுகொண்டிருந்த எனக்கு அதில் பெரிய நிம்மதி.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு உட்காரத் தெரியாமல் போய்விட்டது. மாவு அரைத்த ஈரக் கையோடு பரணில் ஏறுவாள். இறங்கிய வேகத்தில் அரிசி டப்பாக்களை இடம் மாற்றுவாள். மறுநாள் பழைய இடத்துக்கே மாற்றுவாள். தேய்த்த பித்தளையையே மறுபடி தேய்த்தாள். டிவி பார்த்தால் நின்றுகொண்டே பார்த்தாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா கேலி செய்வார். எனக்குத்தான் கஷ்டம். நான் எங்கே போய் உட்கார்ந்தாலும் சரியாக அந்த இடத்தை அவள் துடைக்க வேண்டியிருந்தது. நானும் துறுதுறுத்த பெண்தான், ஆனால் எனக்காவது தூக்கம் வரும்.

அவளுக்கு மாமாவிடம் ஒரே ஒரு குறை இருந்தது. செத்துப்போனவருக்கு முதல் வருஷம் முழுவதும் மாதாமாதம் அந்தத் திதியில் மகன் சாதமும் எள்ளும் வைத்துச் செய்ய வேண்டிய சடங்கை மாசியம் என்பார்கள். முதல் சில மாதங்கள் மாமா ஒழுங்காக வந்து செய்தார். அப்புறம் ஒரு மாதம் லீவு கிடைக்கவில்லை என்றார். அடுத்த மாதம் லீவு கிடைத்தது, ஆள் வரவில்லை. அம்மா போனில் கெஞ்சினாள், அதட்டினாள். ஒவ்வொரு தடவையும் மாமாவின் அந்தப் புகழ்பெற்ற சரிதான் பதிலாக வந்தது. காரியம் விட்டுப்போனால் தாத்தா பசியோடு வாசலில் நின்றுகொண்டிருப்பார் என்று அம்மா நிஜமாகவே நம்பினாள். அப்படியானால் நீயே செய்துவிடேன் என்று நான் யோசனை சொன்னேன். பெண்கள் செய்யும் வழக்கம் இல்லை என்றாள். பெண்கள் செய்யக் கூடாதவை எங்கள் தெருவில் ஏற்கெனவே ஏராளமாக இருந்ததால், இதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.

பேய் விருந்துக்கு மாமா சொன்ன சனிக்கிழமையை அம்மா காலண்டரில் பார்த்தாள். அன்றைக்குத்தான் அந்த மாதத்துத் திதி. போனைக் காதில் வைத்தபடியே அந்தத் தேதியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“பேய்க்கெல்லாம் சோறு போட நோக்கு ஒழிவு இருக்கு,” என்றாள் கடைசியில். “சரி, என்னென்ன வேணும்னு சொல்லு.”

தம்பி நாலு பேருக்கு நடுவில் தலை குனிந்து நிற்கக் கூடாது என்பதும் அவள் கவலைதான். திதியைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் நிறையப் படங்களோடு வந்தார். கேக் வேறு இடத்திலிருந்து வருகிறது, மற்றதெல்லாம் உப்பும் காரமுமாக இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். படத்தில் இருந்த விரல்கள் இறைச்சியால் ஆனவை. கண்கள் முட்டையில். மூளை எதனால் ஆனது என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அம்மா ஒவ்வொன்றையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாள். முறுக்கு மாவில் விரல் விரலாக உருட்டி, நுனியில் பாதி முந்திரியை நகமாகப் பதித்துப் பொரிக்கலாம். அரிசிச் சேவையைப் பீட்ரூட் சாற்றில் பிசறி அச்சில் அழுத்திக் கவிழ்த்தால் மூளை. தயிர்வடையின்மேல் கேரட் வட்டமும் நடுவில் ஒரு குறுமிளகும் வைத்தால் உருட்டி விழிக்கும் கண். உளுந்து வடைக்கு இரண்டு பக்கமும் முறுக்குத் துண்டுகளைச் செருகினால் எட்டுக்கால் பூச்சி. வாழைக்காயை நீளமாக வெட்டி மைதா நாடாவைச் சுற்றிப் பொரித்தால் துணி சுற்றிய பிணம். எங்கள் சமையலறையில் இவ்வளவு பயங்கரங்கள் இத்தனை நாளும் ஒளிந்திருந்தன என்பதே எனக்குத் தெரியாது.

கடைசிப் படத்தில் வெள்ளை வெளேரென்று குட்டிப் பேய்கள் வரிசையாக நின்றன. கூம்பு மாதிரி தலை, இரண்டு கறுப்புக் கண். அது சோறு என்று மாமா சொன்னார்.

“தயிர்சாதத்திலே பண்ணிடறேன். குழந்தைகளுக்கு வயத்துக்கும் கேடில்லை,” என்றாள் அம்மா.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வீடு ஒரு நிலையில் இல்லை. அம்மா அடுப்புக்கும் மேசைக்குமாகப் பறந்துகொண்டிருந்தாள். இடையில் கரண்ட் போய் மிக்சி நின்றது. எட்டுக்கால் பூச்சிகளுக்குக் கால் முறிந்தது. எனக்கு நிற்கவே முடியவில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் கண்ணுக்கு ஓட்டை போட்டு எனக்கு வேஷம் தைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஓடி, இரண்டு தடவை கதவில் முட்டிக்கொண்டேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்தபடி, பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும் என்றார். அவருடைய நகைச்சுவைக்கு வழக்கமாக ஒரு பார்வையாவது கிடைக்கும். அன்றைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

பேய்களைக் கடைசியில்தான் செய்தாள். குழைய வடித்த சாதத்தில் பாலும் கொஞ்சம் தயிரும் விட்டு மசித்து, கையை நனைத்து நனைத்து ஒவ்வொன்றாகப் பிடித்தாள். அழகாகத் தலை கூர்ந்து நின்றன. கண்ணுக்குக் கடுகு வைக்கலாம் என்றேன். குழந்தைகள் பல்லில் பட்டால் கசக்கும் என்று வறுத்த கறுப்பு எள்ளை எடுத்து அழுத்தினாள். கண் சிறியதாகத் தெரிந்ததால் நாலைந்து எள்ளாகச் சேர்த்து வைத்தாள். ஒட்டாமல் இருக்கப் பெரிய அலுமினியத் தட்டில் வாழையிலை விரித்து, அதன்மேல் பேய்களை நிறுத்தி, மூடி போட்டுத் துணியால் கட்டினாள். இதில் எந்த இடத்திலும் தவறு இல்லை. இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆட்டோவில் அந்தத் தட்டு என் மடியில் வந்தது. ஐப்பசித் துலாமழை கொட்டப்போகிற மாதிரி ஒரு புழுக்கம். பைபாஸில் கழக்கூட்டம் நெருங்க நெருங்க வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. முன்னால் லாரி, பின்னால் கம்பெனி பஸ். அம்மா வெளியே தலையை நீட்டிப் பார்ப்பாள், மணியைப் பார்ப்பாள், தயிர்வடைப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். செத்தே பொறு என்று என்னிடம் சொன்னாள், நான் வாயே திறக்காதபோது. வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் மூடிக்குள் ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வேட்டிக்குள் எனக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

விருந்து மொட்டைமாடியில். தகரக் கூரைக்குக் கீழே கறுப்புக் காகிதமும் நூல் வலையும் தொங்கின. குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு சுற்றி வந்தன. மாமா முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பி, கண்ணைச் சுற்றி மையைத் தீட்டி, கறுப்பு அங்கி போர்த்தி, வாயில் பிளாஸ்டிக் கோரைப்பல் மாட்டியிருந்தார். பல்லால் அவருக்குப் பேச்சே வரவில்லை. எல்லாரையும் பார்த்து எச்சில் தெறிக்கச் சிரித்தார். மேசையில் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். விரல்களைக் கண்டு ஒரு சின்னப் பெண் நிஜமாகவே அழுதாள், அழுதுகொண்டே மூன்று விரல் தின்றாள். மூளையை வெட்டியபோது கைத்தட்டல். பெரியவர்கள் அம்மாவைச் சுற்றி நின்று இது எப்படி, அது எப்படி என்று கேட்டார்கள். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்த மாடியில் இருந்த அத்தனை பேரிடமும் இது என் அம்மா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வேட்டிக்குள் இருந்ததால் யாருக்கும் நான் யாரென்றே தெரியவில்லை.

“ப்ரேதம் எவிடெ ஆன்ட்டி?” என்று ஒரு பையன் கேட்டான். பேய் இன்னும் வரவில்லையே என்று அவனுக்குக் குறை. அம்மா துணியை அவிழ்த்து மூடியை எடுத்தாள்.

பேய்கள் இல்லை. புழுக்கத்தில் இளகி, குலுக்கலில் சரிந்து, கூர்த்தலை எல்லாம் அமுங்கி, வாழையிலையில் வெள்ளை உருண்டைகளாக உட்கார்ந்திருந்தன. கண்கள் கலைந்து ஒவ்வொரு உருண்டையின் மேலும் கறுப்பு எள் சிதறிக் கிடந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு மலையாளப் பெண்மணி. தலையில் பூசணிக்காய் வேஷத் தொப்பியோடு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தட்டைப் பார்த்தாள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“சேச்சீ, இது பலிச்சோறல்லே?” என்று அம்மாவை அக்கா முறை வைத்து மெதுவாகக் கேட்டாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் இலையில் சோற்று உருண்டையும் எள்ளும் யாருக்கு வைப்பது என்று தெரியாத பெரியவர்கள் இந்த ஊரில் கிடையாது, தமிழானாலும் மலையாளமானாலும். ஒருத்தி தன் பிள்ளையின் நீட்டிய கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மேசையைச் சுற்றி இருந்த கூட்டம் ஓர் அடி விலகியது. அம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவள் போல நின்றாள். வேட்டியின் ஓட்டை நழுவி எனக்கு ஒரு கண்தான் தெரிந்தது. அந்த ஒரு கண்ணுக்கு, அம்மா இப்போது திட்டு வாங்கப்போகிறாள் என்று தோன்றியது.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தட்டைப் பார்த்ததும் வாயிலிருந்து கோரைப்பல்லை எடுத்தார்.

“அக்கா, மூடிடு. குழந்தைகள் இருக்கா.”

அம்மா மூடவில்லை. “இன்னிக்கு என்ன திதின்னு நோக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சுண்டேதான் வராம இருந்தியா?”

மாமா கையிலிருந்த பிளாஸ்டிக் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கே போய் உக்காந்து எள்ளு எறைக்கறச்செ எல்லாம் அப்பா புதுசா செத்துப்போறார், அக்கா. மாசா மாசம் போறார். என்னாலே முடியலை.”

வீட்டில் என்றால் அம்மா கத்தியிருப்பாள். அங்கே மூடியை மேசையில் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

“நோக்கு அங்கே போய் உக்காரவாவது பாத்யதை இருக்கு,” என்றாள். “நேக்கு அதும் இல்லைடா.”

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, ஏனென்றால் தன் அக்காவை அன்றுதான் முதல்முறை பார்க்கிறவர் போல அவர் பார்த்தார். பிறகு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார். தட்டிலிருந்து இலையை உருண்டைகளோடு அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மாடியின் தெற்கு மூலைக்குப் போய்க் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். அம்மா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். மந்திரம் இல்லை, தர்ப்பை இல்லை, சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் இல்லை. எங்கள் தெரு வாத்தியார் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

காக்கை வரவில்லை. எதிரே தண்ணீர்த் தொட்டியின் மேல் இரண்டு இருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்தன, அவ்வளவுதான். காக்கை எடுக்காவிட்டால் போனவருக்கு மனக்குறை என்று எனக்கே தெரியும். மாமா கா கா என்று கூப்பிட்டார். அவை நகரவில்லை. நாள் முழுக்க ஓரிடத்தில் நில்லாத அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வானம் இருண்டுகொண்டே வந்தது. மழை விழுந்தால் காக்கைகள் போய்விடும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்து தொலையேன் என்று வேட்டிக்குள்ளிருந்து காக்கையைத் திட்டினேன்.

அந்தச் செயலாளர் அம்மாள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் நின்று கை கொட்டினாள். மலையாளிகள் இறந்தவர்களுக்குப் பலியிட்டால் ஈரக் கையைக் கொட்டித்தான் காக்கையைக் கூப்பிடுவார்கள். கொட்டிவிட்டு மாமாவையும் கண்ணால் ஜாடை காட்டினாள். மாமாவும் கொட்டினார். அப்புறம் அவள் அம்மாவின் கையைப் பிடித்து, அதிலும் தண்ணீரை ஊற்றினாள். அம்மா தயங்கினாள். பிறகு அவளும் கொட்டினாள்.

குழந்தைகள் சும்மா இருக்குமா? இதுவும் விருந்தில் ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, எலும்புக்கூடும் சூனியக்காரியும் பூதமுமாக எல்லாம் ஓடிவந்து சுவரோரம் வரிசையாக நின்று பலமாகக் கை தட்டின. நானும் தட்டினேன். பேய் விருந்துக்குக் கறுப்புப் பறவைகள் வரப்போகின்றன என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முதல் காக்கை சுவரில் வந்து இறங்கியது. இரண்டு தத்தல் தத்தி வந்து ஓர் உருண்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. பிறகு எங்கிருந்துதான் வந்தனவோ, கூட்டமாக இறங்கி இலையைக் காலி செய்தன. குழந்தைகளின் ஆரவாரம் காதைப் பிளந்தது. அன்றைய விருந்தில் எது பிடித்தது என்று கேட்டபோது விரலையும் மூளையையும் விட்டுவிட்டு எல்லாம் காக்கையைத்தான் சொன்னதாக மாமா பிறகு சொன்னார்.

மாமா அழுதார். கண் மை கரைந்து வெள்ளைப் பவுடரில் கோடு கோடாக இறங்கியது. அழுகையை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அந்த வேஷத்துக்கு அதுவும் பொருந்தித்தான் இருந்தது. அடுத்த மாதத் திதிக்கு அவர் விடிகாலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வருஷம் முடியும் வரை ஒன்றும் விட்டுப்போகவில்லை.

நாங்கள் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பைபாஸில் அதே நெரிசல், அதே ஹாரன் சத்தம். காலிப் பாத்திரங்கள் காலடியில் உருண்டன. அம்மா ஆட்டோவில் ஏறின கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், நிறுத்தாமல் அழுதாள். எனக்கு வெட்கமாகவும் குழப்பமாகவும் இருந்தது. காக்கைதான் எடுத்துவிட்டதே, எல்லாரும் சமையலைப் புகழ்ந்தார்களே, இப்போது எதற்கு அழுகை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். விரல் மிச்சம் இருக்கிறது, தரட்டுமா என்றேன். தலையை ஆட்டினாள்.

மாமா அழுதது எனக்குப் புரிந்திருந்தது. அவருடைய அப்பா செத்துப்போயிருந்தார். என் அப்பா வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மாவுக்கும் ஓர் அப்பா இருந்தார், அவள் மாமாவைவிட ஆறு வருஷம் கூடுதலாக அவருடைய குழந்தையாக இருந்திருக்கிறாள் என்பது, என் தோள் முழுக்க நனைந்த பிறகும் எனக்குத் தோன்றவில்லை.